இதயச் சிகிச்சையின் விலையை எழுதும் ஒப்பந்தங்கள்

அமெரிக்காவில் பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு இதுதான் விலை என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அந்நாட்டின் 101 மருத்துவமனைகளைத் தொடர்புகொண்டு, சிக்கல் எதுவும் இல்லாத சாதாரண பைபாஸுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். முழுத் தொகையைச் சொன்னவை 53 மட்டுமே. அவற்றில் மிகக் குறைந்த விலை 44,824 டாலர். மிக அதிக விலை 4,48,038 டாலர். பத்து மடங்கு வித்தியாசம். விலை கூடிய இடங்களில் சிகிச்சையின் தரமும் கூடியிருக்கிறதா என்று அதே ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது. அப்படி ஒரு தொடர்பும் தென்படவில்லை.

காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாய் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டும் இயந்திரமும் ஒன்றுதான். அறுவை அரங்கில் நிற்கும் மருத்துவர்களுக்குப் பணம் வந்து சேரும் வழிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. நோயாளியின் இன்சூரன்ஸ் அவர்களுக்கு எந்தக் கணக்கில் கொடுக்கிறது, எந்த நிறுவனத்தின் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்கள், வழக்கு வந்தால் தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் எடுத்து வைத்திருக்கும் பொறுப்புக் காப்பீடு எப்படிப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்து இதயச் சிகிச்சையின் பில்லில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. இந்த ஏற்பாடுகளை வைத்துத்தான் அங்கே விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு சிகிச்சை, பல பில்கள்

இந்தியாவில் தனியார் மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே கவுன்ட்டரில் ஒரே பில் வரும். அமெரிக்காவில் நெடுங்காலமாக அப்படி இல்லை. அங்கே அறுவை மருத்துவர் மருத்துவமனையின் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் அரங்கையும் செவிலியரையும் பயன்படுத்தி அறுவை செய்துவிட்டுத் தன் கட்டணத்துக்குத் தனியாக பில் அனுப்புவார். மயக்க மருத்துவர் ஒரு பில், உதவி அறுவை மருத்துவர் ஒரு பில், ஆஞ்சியோகிராம் செய்த இதய மருத்துவர் ஒரு பில், எக்ஸ்ரே பார்த்துக் குறிப்பு எழுதியவர் ஒரு பில், இவற்றோடு மருத்துவமனையின் பில். வீடு திரும்பிப் பல வாரங்கள் கழித்தும் தபாலில் உறைகள் வந்துகொண்டிருக்கும்.

இந்தப் பிரிவினை சட்டத்திலேயே இருக்கிறது. 65 வயது நிறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர், 1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. அதன் 'ஏ' பகுதி மருத்துவமனைச் செலவுக்கு. 'பி' பகுதி மருத்துவர் கட்டணத்துக்கு. இதய நோய் முதியோரின் நோய் என்பதால், அமெரிக்காவில் இதயச் சிகிச்சைக்கு மிகப் பெரிய அளவில் பணம் கொடுப்பது மெடிகேர்தான். அது எப்படிக் கொடுக்கிறதோ அதை ஒட்டியே மற்ற நிறுவனங்களும் தங்கள் கணக்கைப் போடுகின்றன.

தொடக்கத்தில் இரண்டு பகுதிகளும் கேட்டதைக் கொடுக்கும் போக்கில்தான் இருந்தன. மருத்துவமனை தன் செலவுக் கணக்கைக் காட்டும்; மெடிகேர் கொடுக்கும். மருத்துவர் 'வழக்கமான கட்டணம்' என்று ஒன்றைச் சொல்வார், அதையும் கொடுக்கும். செலவு கட்டுக்கடங்காமல் போனபோது, 1983-ல் மருத்துவமனைக்கு மட்டும் ஒரு கடிவாளம் வந்தது. நோயின் வகையைப் பார்த்து முன்கூட்டியே ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது. பைபாஸ் நோயாளி ஏழு நாள் படுத்திருந்தாலும் பத்து நாள் படுத்திருந்தாலும் மருத்துவமனைக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதே பணம்.

மருத்துவர்களுக்கு அந்தக் கடிவாளம் போடப்படவில்லை. அவர்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பணம் வந்துகொண்டே இருந்தது. இதன் விளைவு விநோதமானது. எந்த நிறுவனத்தின் ஸ்டென்ட், எந்த வால்வு, எத்தனை நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, எத்தனை முறை ரத்தப் பரிசோதனை என்பதையெல்லாம் முடிவு செய்வது மருத்துவர். அதற்கான செலவைத் தன் நிலையான தொகையிலிருந்து ஏற்பது மருத்துவமனை. சிக்கனத்தால் லாபம் மருத்துவமனைக்கு. சிக்கனப்படுத்தக்கூடிய பேனாவோ மருத்துவர் கையில். இருவருக்கும் ஒரே நோக்கம் இல்லாத இந்த அமைப்பு, இதயச் சிகிச்சையை விலையுயர்ந்ததாக வைத்திருக்கும் காரணங்களில் முதன்மையானது.

மருத்துவரின் உழைப்புக்குப் புள்ளிக் கணக்கு

மருத்துவர் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சி 1992 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் சியாவோ என்ற பொருளியலாளரின் தலைமையில் நடந்த ஆய்வு அதற்கு அடிப்படை. ஒவ்வொரு மருத்துவ வேலைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு திறன், எவ்வளவு மன அழுத்தம் தேவைப்படுகிறது என்று அளந்து புள்ளிகள் கொடுக்கப்பட்டன. அந்தப் புள்ளிகளை ஒரு டாலர் தொகையால் பெருக்கினால் கட்டணம் வரும்.

ஒவ்வொரு வேலையின் புள்ளியிலும் மூன்று பங்குகள் உண்டு: மருத்துவரின் உழைப்பு, அவருடைய அலுவலகச் செலவு, அவர் கட்டும் பொறுப்புக் காப்பீட்டு பிரீமியம். நெடுங்காலம் இந்த மூன்றாவது பங்கு மொத்தத்தில் சராசரியாக 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக, இதய மருத்துவர் தன்மீது வழக்கு வந்துவிடுமோ என்று எடுத்து வைக்கும் பாலிசியின் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு நோயாளியின் கட்டணமும் சுமக்கிறது. ஊருக்கு ஊர் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கும்போது, மூன்று பங்குகளில் மிக அதிகமாக மாறுவதும் இந்தப் பிரீமியப் பங்குதான். வழக்குச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதே காரணம்.

ஒரு புள்ளிக்கு 1992-ல் மெடிகேர் கொடுத்தது 31 டாலர். 2025-ல் கொடுத்தது 32 டாலர் 35 சென்ட். முப்பத்து மூன்று ஆண்டுகளில் விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்க, மருத்துவருக்கான இந்தத் தொகை அசையவில்லை என்றே சொல்லலாம். கேட்பதற்கு இது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் ஒரு வேலைக்குக் கிடைக்கும் பணம் தேங்கும்போது, வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டவும், வேறு வாசல் வழியாக வருமானம் தேடவும் மருத்துவர்கள் தள்ளப்படுகிறார்கள். அந்த வேறு வாசல் எது என்பது பின்னர் வரும்.

பைபாஸுக்கும் ஸ்டென்டுக்கும் இடையே இந்தக் கணக்கு ஒரு முக்கியமான வேறுபாட்டை வைத்திருக்கிறது. பைபாஸ் செய்யும் அறுவை மருத்துவரின் கட்டணத்தில் அறுவைக்குப் பிந்தைய 90 நாள் கவனிப்பும் அடக்கம். புண் ஆறுகிறதா என்று பார்க்க நோயாளி எத்தனை முறை வந்தாலும் அவர் தனியாக பில் போட முடியாது. ஸ்டென்ட் வைக்கும் இதய மருத்துவருக்கு அப்படிப்பட்ட காலவரை இல்லை. அடுத்த நாள் பார்வைக்கும் அடுத்த மாதப் பார்வைக்கும் தனிக் கட்டணம். அடுத்த அடைப்புக்கு இன்னொரு ஸ்டென்ட் வைத்தால் அதற்கும் தனிக் கட்டணம்.

வேலைக்கு வேலை பணம் தரும் முறை தேவையற்ற வேலையை வளர்க்குமா என்ற கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. 2009 ஜூலை முதல் 2010 செப்டம்பர் வரை அமெரிக்காவில் நடந்த 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஆஞ்சியோபிளாஸ்டிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2011-ல் வெளியானது. மாரடைப்பு போன்ற அவசர நிலையில் செய்யப்பட்டவற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தேவையானவையே. அவசரமில்லாதவற்றில்தான் பிரச்சினை. பாதிதான் தெளிவாகத் தேவையானவை, 38 சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியாதவை, 11.6 சதவீதம் பொருத்தமற்றவை. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்த்து வைப்பது மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை என்று 'கரேஜ்' என்ற ஆய்வு 2007-லேயே காட்டியிருந்தது. எல்லாத் தேவையற்ற ஸ்டென்டுக்கும் பணத்தாசைதான் காரணம் என்று சொல்வது நேர்மையல்ல. அடைப்பைக் கண்ணால் பார்த்த பிறகு சும்மா விடுவது மருத்துவருக்கும் நோயாளிக்கும் கடினம். ஆயினும், வைத்தால் பணம், வைக்காமல் மருந்தை விளக்கி அரை மணி நேரம் பேசினால் சொற்பப் பணம் என்ற அமைப்பு, சந்தேகம் வரும்போதெல்லாம் தராசை ஒரே பக்கம் சாய்க்கிறது.

பேரம் பேசியவருக்குக் குறைந்த விலை

மெடிகேர் விலையைத் தானே அறிவிக்கிறது. தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் ஒப்பந்தம் போட்டுத் தங்கள் 'நெட்வொர்க்'கில் சேர்த்து, தங்கள் ஆட்களை அங்கேயே அனுப்புவதாக வாக்களித்து, அதற்குப் பதிலாகத் தள்ளுபடி பெறுகின்றன. ஊரில் ஒரே ஒரு பெரிய இதய மருத்துவமனை இருந்தால் அதை விட்டால் வேறு வழியில்லை. அது சொன்னதே விலை. ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் தனியார் இன்சூரன்ஸ்கள் மருத்துவமனைச் சேவைகளுக்குக் கொடுத்தது, அதே சேவைக்கு மெடிகேர் கொடுத்திருக்கக்கூடிய தொகையின் 254 சதவீதம்.

இந்தப் பேரத்தின் வலிமையை இதய நோயை வைத்தே அளந்தவர்கள் டேவிட் கட்லர், மார்க் மெக்லெல்லன், ஜோசப் நியூஹவுஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள். 2000-ல் வெளியான அவர்களது ஆய்வு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு வகை இன்சூரன்ஸ் வைத்திருந்த இதய நோயாளிகளை ஒப்பிட்டது. ஒன்று, எந்த மருத்துவரிடம் போனாலும் பணம் தரும் பழைய பாணி பாலிசி. மற்றொன்று, மருத்துவர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் எச்.எம்.ஓ. வகை. இரண்டாவதில் செலவு 30 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது. எச்.எம்.ஓ.க்கள் சிகிச்சையை மறுத்துத்தான் மிச்சம் பிடிக்கின்றன என்பது அப்போது பரவலாக இருந்த குற்றச்சாட்டு. ஆய்வு கண்டது வேறு. இரு தரப்பு நோயாளிகளுக்கும் கிடைத்த சிகிச்சையிலும் அதன் பலனிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் கொடுத்த விலைதான் குறைவு.

இதயச் சிகிச்சையின் செலவு பற்றிய விவாதங்களில் இந்த முடிவுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. நோயாளிகள் அதிகம் கேட்கிறார்கள், மருத்துவர்கள் அதிகம் செய்கிறார்கள் என்றே பேச்சு போகிறது. அதிகம் செய்வது உண்மைதான். அதைவிடப் பெரிய பங்கு, ஒரே வேலைக்கு ஒப்பந்தத்தைப் பொறுத்து வெவ்வேறு விலை கொடுக்கப்படுவதில் இருக்கிறது.

நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவர் அனுப்பும் பில் இதன் கொடூரமான வடிவம். மாரடைப்பு வந்தவர் ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு பட்டியலைப் புரட்ட முடியாது. 2017-ல் டெக்சாஸ் மாநிலத்தில் மாரடைப்பு வந்த ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஸ்டென்டுகள் வைக்கப்பட்டன, நான்கு நாள் தங்கினார். மொத்த பில் சுமார் 1,65,000 டாலர். அந்த மருத்துவமனை அவருடைய இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் இல்லை. இன்சூரன்ஸ் தன் கணக்குப்படி 55,840 டாலர் கொடுத்தது. மிச்சம் 1,08,951 டாலரைக் கட்டச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. செய்தி ஊடகங்களில் வெளியான பிறகு கேட்கப்பட்ட தொகை 332 டாலராக இறங்கியது. லட்சம் டாலர் கடன், சிகிச்சையில் ஒரு மாற்றமும் இல்லாமல், சில நூறு டாலராகச் சுருங்க முடிகிறது என்றால், முதலில் எழுதப்பட்ட எண்ணுக்குச் செலவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் பொருள்.

மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்து, மயக்க மருத்துவரோ உதவி அறுவை மருத்துவரோ மட்டும் வெளியே இருப்பதும் அடிக்கடி நடந்தது. நோயாளி அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பில் வரும். இதைத் தடுக்கும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசரச் சிகிச்சையிலும், நெட்வொர்க் மருத்துவமனையில் வேலை பார்க்கும் வெளி மருத்துவர்கள் விஷயத்திலும், நோயாளி தன் வழக்கமான பங்கை மட்டும் கட்டினால் போதும். மீதியை இன்சூரன்ஸும் மருத்துவரும் நடுவர் முன் தீர்த்துக்கொள்ள வேண்டும். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. மாரடைப்பு நோயாளியைக் காக்கும் சட்டத்தில் அது பெரிய ஓட்டை.

கிளினிக்கை மருத்துவமனை வாங்கினால்

தேங்கிய கட்டணத்தால் மருத்துவர்கள் தேடிய வேறு வாசல் இது. அமெரிக்காவில் இதய மருத்துவர்கள் பலர் கூட்டாகக் கிளினிக் நடத்தி, அங்கேயே எக்கோ, டிரெட்மில், ஐசோடோப் ஸ்கேன் எல்லாம் செய்துவந்தார்கள். 2010-ஐ ஒட்டி, கிளினிக்கில் செய்யும் இந்தப் பரிசோதனைகளுக்கான கட்டணத்தை மெடிகேர் கணிசமாகக் குறைத்தது. அதே பரிசோதனையை மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் செய்தால் கிடைக்கும் தொகை அப்படிக் குறையவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இதய மருத்துவர்களின் கிளினிக்குகள் வரிசையாக மருத்துவமனைகளின் உடைமையாயின.

கட்டடம் அதே, கருவி அதே, மருத்துவர் அதே. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் புதிது. மெடிகேர் பற்றி நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் குழு இதைக் கணக்கிட்டுக் காட்டியது: ஒரு வகை எக்கோவுக்குத் தனிக் கிளினிக்கில் கொடுப்பதைவிட மருத்துவமனைப் பிரிவில் 141 சதவீதம் அதிகம் கொடுக்கப்பட்டது. நோயாளி கட்ட வேண்டிய 20 சதவீதப் பங்கும் அதற்கேற்ப ஏறியது. 2015-ல் நிறைவேறிய சட்டம் ஒன்று, வளாகத்துக்கு வெளியே புதிதாகத் தொடங்கும் பிரிவுகளுக்கு இந்தக் கூடுதலை நிறுத்தியது. ஏற்கெனவே இருந்தவற்றைத் தொடவில்லை.

இந்த இணைப்புக்குப் பணத்தோடு இன்னொரு காரணமும் துணை நின்றது. அதுதான் மருத்துவரின் சொந்தக் காப்பீடு. மருத்துவமனையில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டால், பொறுப்புக் காப்பீட்டை வழக்கமாக மருத்துவமனையே ஏற்றுக்கொள்கிறது. தனியாக இருப்பவர் எடுக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை, வழக்கு எப்போது தொடுக்கப்படுகிறதோ அந்த ஆண்டில் பாலிசி உயிரோடு இருந்தால் மட்டுமே பணம் தரும் வகையைச் சேர்ந்தவை. 2020-ல் வைத்த ஸ்டென்டுக்கு 2022-ல் வழக்கு வந்தால், 2022-லும் பாலிசி இருந்தாக வேண்டும். ஓய்வு பெறும்போதோ ஊர் மாறும்போதோ, பழைய வேலைகளுக்கான பாதுகாப்பைத் தொடர ஒரு பெரிய தொகையைத் தனியே கட்ட வேண்டும். அது ஓர் ஆண்டு பிரீமியத்தைவிட அதிகமாகவே இருக்கும். இந்தச் சுமையை மருத்துவமனை ஏற்பதாகச் சொல்லும்போது, வயதான இதய மருத்துவர் கிளினிக்கை விற்கத் தயங்குவதில்லை.

வழக்கு பயமும் ஆஞ்சியோகிராமும்

பிரீமியம் நேரடியாகக் கட்டணத்தில் சேர்வது சிறு தொகை. வழக்கு பயத்தால் கூடும் சிகிச்சைதான் பெரிய தொகை. நெஞ்சுவலி என்று வந்தவரை வீட்டுக்கு அனுப்பி, அவருக்கு மறுநாள் மாரடைப்பு வந்துவிட்டால், இதய மருத்துவருக்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கும் அதைவிட மோசமான வழக்கு இல்லை. டிரெட்மில் டெஸ்ட் போதும் என்று அறிவு சொன்னாலும், ஆஞ்சியோகிராம் செய்துவிடு என்று பயம் சொல்லும்.

இதை எண்களில் காட்டிய முதல் பெரிய ஆய்வு டேனியல் கெஸ்லர், மார்க் மெக்லெல்லன் இருவருடையது, 1996-ல் வெளியானது. மெடிகேரில் இருந்த மாரடைப்பு நோயாளிகளையும் இதய ரத்தக்குழாய் நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தல் போன்ற சீர்திருத்தம் செய்த மாநிலங்களைச் செய்யாத மாநிலங்களோடு ஒப்பிட்டார்கள். சீர்திருத்தம் நடந்த இடங்களில் மருத்துவமனைச் செலவு 5 முதல் 9 சதவீதம் குறைந்திருந்தது. மரணமோ சிக்கல்களோ கூடவில்லை. மருத்துவரும் பொருளியலாளருமான மெக்லெல்லன் பின்னாளில் மெடிகேரை நிர்வகிக்கும் அமைப்புக்கே தலைவரானார்.

2018-ல் வந்த இன்னொரு ஆய்வு மருத்துவரின் கைக்கு இன்னும் நெருக்கமாகப் போனது. இழப்பீட்டு உச்சவரம்பு புதிதாக வந்த ஒன்பது மாநிலங்களில் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தது. இதய நோய் சந்தேகத்தோடு வருபவருக்கு முதல் பரிசோதனையாகவே ஆஞ்சியோகிராம் எழுதுவது 24 சதவீதம் குறைந்தது. டிரெட்மில் போன்ற, உடலுக்குள் எதுவும் செலுத்தாத பரிசோதனைகள் சுமார் 8 சதவீதம் கூடின. அதன் பிறகு ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவது 21 சதவீதமும், ஸ்டென்ட் வைப்பது 23 சதவீதமும் குறைந்தன. பரிசோதனைக்கு உட்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கையில் மாற்றமில்லை. சந்தேகத்தை மருத்துவர்கள் கைவிடவில்லை; சற்றுப் பொறுத்துப் பார்க்கத் துணிந்தார்கள்.

இதை வைத்து, வழக்குச் சட்டத்தை மாற்றினாலே அமெரிக்க மருத்துவச் செலவு தீர்ந்துவிடும் என்று பேசுபவர்கள் உண்டு. அது மிகை. நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் 2009-ல் போட்ட கணக்குப்படி, வழக்கமான சீர்திருத்தங்கள் அனைத்தையும் நாடு முழுக்கச் செய்தாலும் மொத்த மருத்துவச் செலவில் அரை சதவீதம்தான் குறையும். உச்சவரம்புக்கு ஒரு விலையும் இருக்கிறது. உண்மையிலேயே மருத்துவப் பிழையால் கை கால் விளங்காமல் போனவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடு குறைகிறது. இதயச் சிகிச்சையில் மட்டும் இந்தப் பயத்தின் பங்கு மற்ற துறைகளைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. பரிசோதனை ஒன்று அடுத்த பரிசோதனைக்கும், அது ஸ்டென்டுக்கும் இழுத்துச் செல்லும் தன்மை இதய நோயில் வலுவாக இருப்பதுதான் அதற்குக் காரணம்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை

பில்களின் பிரிவினைதான் நோய் என்றால், அவற்றை ஒன்றாக்குவதே மருந்து என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் ஹூஸ்டனின் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி. 1984-ல் அவருடைய டெக்சாஸ் ஹார்ட் இன்ஸ்டிடியூட் பைபாஸுக்கு ஒரே பேக்கேஜ் விலையை அறிவித்தது. மருத்துவமனை, அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், இதய மருத்துவர் எல்லாரும் அந்தத் தொகைக்குள் அடக்கம். 1985-ல் அந்த விலை 13,800 டாலர். அதே காலத்தில் மெடிகேர் பைபாஸுக்குச் சராசரியாகக் கொடுத்துவந்தது சுமார் 24,600 டாலர்.

மெடிகேர் இதைத் தானே சோதித்துப் பார்த்தது. 1991-ல் நான்கு மருத்துவமனைகளோடு தொடங்கி, பிறகு ஏழாக விரிந்து, 1996 வரை அந்தச் சோதனை நடந்தது. 'ஏ' பகுதிப் பணமும் 'பி' பகுதிப் பணமும் ஒரே காசோலையாகப் போனது. அதை மருத்துவமனையும் மருத்துவர்களும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். மெடிகேர் பைபாஸ் செலவில் சுமார் 10 சதவீதம் மிச்சப்படுத்தியது. மொத்தம் 4 கோடி டாலருக்கு மேல். அதுவரை பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாமல் இருந்த மருத்துவர்களுக்கு, ஒவ்வொரு கூடுதல் நாளும் ஒவ்வொரு கூடுதல் பரிசோதனையும் தங்கள் பங்கைக் குறைக்கும் என்பது முதன்முறையாகக் கண்ணில் பட்டது.

பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவக் குழுமம் 2006-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. பைபாஸுக்கு முன்பும் பின்பும் தவறாமல் செய்ய வேண்டிய 40 வேலைகளைப் பட்டியலிட்டு, ஒரே விலை சொல்லி, 90 நாளுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. அறுவை தொடர்பான சிக்கல் ஏதாவது வந்து நோயாளி திரும்ப வந்தால் இன்சூரன்ஸ் கூடுதலாகக் கட்ட வேண்டாம். சிக்கல் வந்தால் வருமானம் என்ற பழைய கணக்கை இது தலைகீழாக்கியது.

இவ்வளவு நல்ல சான்று இருந்தும் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது. மாரடைப்புக்கும் பைபாஸுக்கும் பேக்கேஜ் முறையை 98 நகரப் பகுதிகளில் கட்டாயமாக்கும் விதி 2017 ஜனவரியில் வெளியாகி, நடைமுறைக்கு வருமுன்பே அதே ஆண்டின் இறுதியில் ரத்தானது. மருத்துவமனைகளுக்குச் சுமை என்று காரணம் சொல்லப்பட்டது. பிறகு வகுக்கப்பட்ட புதிய திட்டம் 2026 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளின் மருத்துவமனைகளுக்குக் கட்டாயமான ஐந்து அறுவை சிகிச்சைகளில் பைபாஸும் ஒன்று. அறுவையும் வீடு திரும்பிய பின் 30 நாள் செலவும் ஒரே இலக்குத் தொகைக்குள் வர வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த முறை புதிதல்ல. 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பேக்கேஜ் தொகையில்தான் இயங்கியது; 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான் இயங்குகிறது. அறுவை மருத்துவர் தனியாக பில் அனுப்பும் பேச்சே இல்லை. இந்தியா இன்னொரு வழியையும் கையாண்டது: 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. ஆனால் அந்த ஆணை பொருளின் விலையைத்தான் தொட்டது. மருத்துவர் கட்டணத்துக்கும் கேத் லேப் கட்டணத்துக்கும் வரம்பு வைக்கவில்லை.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க ஆண்டுதோறும் ஏராளமான தமிழ்ப் பெற்றோர் போகிறார்கள். பலர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ, முன்பே வைத்த ஸ்டென்டோ உள்ளவர்கள். அவர்களுக்கு மெடிகேர் கிடையாது. கையில் இருப்பது பயண இன்சூரன்ஸ். அதில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் நோயை விலக்கிவிடும். சில பாலிசிகள், பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் குறிப்பிட்ட வயதுவரை, குறிப்பிட்ட தொகைவரை கொடுக்கும். எதிர்பாராத பில்லைத் தடுக்கும் 2022-ன் சட்டம் முழுமையான மருத்துவ இன்சூரன்ஸ்களுக்கானது. பயண பாலிசி வைத்திருப்பவர் அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பாலிசி வாங்குமுன் மூன்றைப் பார்த்துவிடுவது நல்லது: இதய நோய் பற்றிய விலக்கு என்ன, வயதுக்கேற்பத் தொகை குறைகிறதா, பிள்ளைகள் வசிக்கும் ஊரில் எந்த மருத்துவமனை அதன் நெட்வொர்க்கில் இருக்கிறது. நெஞ்சுவலி வந்துவிட்டால் இதையெல்லாம் யோசித்து நேரத்தை வீணாக்கக் கூடாது. 1986-ன் சட்டப்படி, அவசரப் பிரிவு உள்ள ஏறத்தாழ எல்லா அமெரிக்க மருத்துவமனைகளும், கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல், வந்தவரைப் பரிசோதித்து ஆபத்தான நிலையிலிருந்து மீட்டாக வேண்டும். பில் பிறகு வரும். வந்ததும் கட்டிவிடாமல், ஒவ்வொரு இனமாகப் பிரித்து எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். லாபநோக்கற்ற மருத்துவமனையாக இருந்தால், வசதியில்லாதவர்களுக்குக் கட்டணச் சலுகை தரும் எழுத்துபூர்வமான கொள்கை அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான விண்ணப்பத்தையும் தயங்காமல் கேளுங்கள்.